கண் மூன்று எள்

பத்தொன்பது வருடங்களில் மைக்ரான் அக்கா கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதும் இல்லை. அளவை ஆய்வகத்தில் ஒரு தடித்த பதிவேடு உண்டு. முன்பக்கத்திலிருந்து எழுதினால் போன சான்றிதழ்கள். பின்பக்கத்திலிருந்து எழுதினால் தவறென்று திரும்பி வந்தவை. எண், காரணம், திருப்பி அனுப்பியவர் என்று மூன்று கட்டங்கள். அந்தப் பின்பக்கத்தில் பதினொரு வரிகள் இருந்தன, எல்லாம் மற்றவர்களுடையவை. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிடுவார். "படிச்சுக்கோங்க. இதுல என் வரி எங்க இருக்குன்னு தேடுங்க" என்பார். தேடிக் களைத்தவர்களுக்குத் தன் காசில் தேநீர் வாங்கித் தருவார்.

மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டுக்குப் பெயர் மைக்ரான். ஒரு முடியின் தடிமனே எழுபது மைக்ரான் வரும். "ஒரு மைக்ரான்தானே அக்கா, போகட்டும் விடுங்க" என்று ஒரு முறை யாரோ வாய் தவறிச் சொல்லிவிட்டார்கள். "ஒரு பொய்தானே, போகட்டும் விடுங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றார் அக்கா. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இது. வேலை பார்க்கும் அறை வருடம் முழுக்க இருபது டிகிரியில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் வெளியே தார் உருகினாலும் அக்கா ஸ்வெட்டரோடுதான் இருப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அந்தப் பார்வையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்ப்பவர்.

அப்படிப்பட்டவரிடம்தான் அருங்காட்சியகத்திலிருந்து அந்தச் செம்புக் கிண்ணம் வந்தது.

பார்த்தால் பூனைக்குப் பால் வைக்கிற கிண்ணம். உண்மையில் அது கடிகாரம். அடியில் ஒரு நுண்துளை இருந்திருக்கிறது. அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் துளை வழியாக நீர் ஏறி ஏறி, சரியாக ஒரு நாழிகையில், அதாவது இருபத்துநான்கு நிமிடத்தில், கிண்ணம் முழுகிவிடும். எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி மிதக்கவிட வேண்டியதுதான். பிற்காலத்தில் எந்தப் புண்ணியவானோ அந்தத் துளையில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்துவிட்டார். நிஜமாகவே பூனைக்குப் பால் வைத்தாரோ என்னவோ. ஈயம் செம்பைத் தின்று அதோடு கலந்துவிட்டதால் பழைய துளையின் விளிம்பு எக்ஸ்ரே படத்தில்கூடத் தெரியவில்லை.

ஆனால் கிண்ணத்தைச் செய்தவர் முன்யோசனைக்காரர். விளிம்பைச் சுற்றி உளியால் நாலு வரி வெட்டி வைத்திருந்தார். வாய் ஆறு விரல். உயரம் மூன்று விரல். கண் மூன்று எள். முழுகினால் நாழிகை.

கண் என்றால் துளை. அதை மறுபடி திறந்து, கிண்ணத்தைத் தண்ணீரில் ஓடவிட்டுக் காட்ட வேண்டும் என்பது அருங்காட்சியகக் காப்பாளரின் ஆசை. மெலிந்த பெண்மணி, பை நிறையக் கோப்புகள், எதையும் இரண்டு தடவை படிக்கிற பழக்கம். பழம்பொருளில் கை வைக்க அனுமதி வாங்குவதற்கே ஆறு வருடம் அலைந்திருக்கிறார். கடைசியில் மேலிடம் ஒரே வரியில் சம்மதித்தது: ஒரே முறை, ஒரே அளவு, ஆய்வகச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும்.

"துளை பெருசாயிடுச்சுன்னா போச்சு மேடம்" என்றார் காப்பாளர், மேசையைத் தாண்டிக் குனிந்து. "போன செம்பைத் திரும்ப வைக்க முடியாது. இன்னொரு கிண்ணம் உலகத்துல எங்கயும் இல்ல."

"என் கையெழுத்து இருக்கும் மேடம்" என்றார் அக்கா. இருவரும் ஒருவரை ஒருவர் மேடம் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

வேலை இரண்டாகப் பிரிந்து வந்தது. முதல் வாரம், கிண்ணத்தை உள்ளபடி அளந்து தர வேண்டும். அக்கா அளந்தார். வாயின் விட்டம் 99.612 மில்லிமீட்டர், உயரம் 49.790. இது ஒரு படிவம். மறு வாரம், மூன்று எள் என்பது இன்றைய அளவில் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். இது வேறு படிவம், வேறு எண், வேறு கோப்பு.

இரண்டாவது வேலைதான் அக்காவுக்குப் பிடித்துப் போயிற்று. பழைய நீட்டலளவை எட்டு எட்டாக இறங்கும் ஏணி. விரல் ஒன்றுக்கு எட்டு நெல். நெல் ஒன்றுக்கு எட்டு எள். எள்ளுக்கு எட்டுச் சிறுகடுகு, அதற்கு எட்டு நுண்மணல், அதற்கு எட்டு மயிர்முனை, அதற்கு எட்டுப் பஞ்சிழை, அதற்கு எட்டுத் தேர்த்துகள், அதற்கு எட்டு அணு. ஆய்வகக் கையேட்டின் பின்னிணைப்பில், முக்கால் அங்குலம் ஒரு விரல், அதாவது 19.05 மில்லிமீட்டர் என்று அச்சாகி இருந்தது. அக்கா அதிலிருந்து பிடித்து இறங்கினார். கேட்டது எள் மட்டும்தான். ஆனாலும் கால் வைத்த ஏணியில் பாதியில் நிற்க மனசு வரவில்லை. மயிர்முனை அரை மைக்ரானுக்குச் சற்று மேலே வந்தது. பழைய அணு, நானோமீட்டர் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! இன்றைய விஞ்ஞானம் சொல்லும் அணுவைவிடச் சில மடங்குதான் பெரிசு. பூதக்கண்ணாடிகூட இல்லாமல், வெறும் எட்டால் வகுத்தே இவ்வளவு தூரம் இறங்கி வந்த அந்தப் பழங்காலத்து ஆள்மேல் அக்காவுக்குத் தோழமையே உண்டாகிவிட்டது.

அன்று சாப்பிடும்போது வீட்டிலும் இதே பேச்சுத்தான். அக்காவின் கணவர் தையல்காரர். கடைத்தெருவில் சின்னக் கடை, ஒரே இயந்திரம், கழுத்தில் எப்போதும் டேப்.

"ஒரு விரலுக்குள்ள அறுபத்துநாலு எள்ளா?" என்றார் அவர், தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு. "நான் வரிசையா வச்சா பத்துகூட நிக்காது போலிருக்கே."

"அது சமையல்கட்டு எள்ளு இல்லீங்க. பேருதான் எள்ளு. ஏணியில அது ஒரு படி, அவ்வளவுதான். உங்க தையல்ல பட்டன் ஓட்டையைக் காஜான்னு சொன்னா, அது ஊதுற கஞ்சாவா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்லைங்கறதுதான் சம்பந்தம்" என்றார் அக்கா. பேச்சில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு முயற்சியும் நின்றுபோய் வெகுகாலமாகிறது.

மூன்று எள் 0.893 மில்லிமீட்டர். அதாவது 893 மைக்ரான். சான்றிதழ் அச்சாயிற்று, முத்திரை விழுந்தது, கையெழுத்து விழுந்தது. விளிம்பில் இருந்த மற்ற வரிகள் அருங்காட்சியகக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. அக்கா அவற்றைப் படிக்காமல் இல்லை. படித்து, பென்சிலால் ஒரு கோடு இழுத்து, 'தேவையில்லை' என்று ஓரத்தில் எழுதியும் வைத்தார். அதற்குக் காரணம் உண்டு. அளவைத் தொழிலில் முதல் கட்டளை ஒன்று இருக்கிறது: சோதனைக்கு வந்த பொருளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளாதே. கோணல் ஸ்கேலை அதே கோணல் ஸ்கேலால் அளந்தால் நேராகத்தான் தெரியும். இந்தக் கட்டளையை அக்கா எத்தனை பேருக்கு மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை.

துளையிடும் நாள் வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. நகரின் மறுகோடியில் இருக்கும் ஒரு பட்டறையில். அங்கே இருப்பவரைத் தொழிலில் எல்லோரும் 'கொசு' என்பார்கள். ஆள் என்னவோ ஆறடி. மின்பொறியால் உலோகத்தை அரித்து, முடி நுழைகிற துளையெல்லாம் போடுவார். கடித்த இடமே தெரியாது. அக்கா அங்கே போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தன் எண்ணின்படி உலகத்தில் ஒன்று நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதற்காக அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார்.

போகிற வழியில் கணவரின் கடையில் சாப்பாட்டுப் பையைக் கொடுக்க நின்றார். மணி பத்து பத்து. கடையில் ஒரு பேருந்து ஓட்டுநர் நின்றிருந்தார். வாழைப்பழச் சீப்பு போலக் கை. மேசைமேல் புதுக் கால்சட்டை.

"நாலு விரல் இறக்கிக் குடுங்க போதும்" என்றார் ஓட்டுநர்.

"யார் விரல்?" என்றார் தையல்காரர்.

"என்னது?"

"உங்க விரலா, என் விரலா? உங்க விரல்ல நாலுன்னா என் விரல்ல ஆறு. அப்புறம் தரையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்து என்கிட்ட சண்டைக்கு நிப்பீங்க."

"அப்ப எப்படித்தான் சொல்றது?"

"நீங்க சொல்லவே வேணாம். உங்களுக்குச் சரியா இருக்கிற பேன்ட் ஒண்ணு வீட்டுல இருக்கும்ல, அதைக் கொண்டாங்க. அது சொல்லும்."

அக்கா சிரித்தார். "கழுத்துல டேப் எதுக்குத் தொங்குது, அழகுக்கா?"

"டேப்பு துணிக்கும்மா. விரலு ஆளுக்கு" என்றார் அவர், பையை வாங்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டே. வாய்க்கு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அவர் பாட்டுக்கு ஊசியில் நூல் கோக்கத் திரும்பிவிட்டார்.

அக்கா பேருந்தில் ஏறினார். உட்கார இடம் இல்லை. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பியைச் சுற்றி அவருடைய நாலு விரல்கள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் நாலு விரல்கள், அவருடையதில் முக்கால் அகலம்கூட இல்லை. அதற்கடுத்து ஒரு சுமைதூக்குபவரின் நாலு விரல்கள். யார் விரல் என்ற கேள்வி அக்காவின் தலைக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. கையேட்டின் பின்னிணைப்பில் முக்கால் அங்குலம் என்று போட்டிருக்கிறதே, அது யார் விரல்? எவரோ ஒரு புண்ணியவான் ஏதோ ஒரு காலத்தில் ஒப்புக்கொண்ட விரல். கிண்ணம் செய்தவர் அந்தக் கையேட்டைக் கண்டாரா?

வாய் ஆறு விரல்.

அக்காவுக்கு எண்கள் மறக்காது. 99.612. அதை ஆறால் வகுக்க அவருக்குக் காகிதம் வேண்டியதில்லை. 16.602. உயரம் மூன்று விரல்; 49.790 வகுத்தல் மூன்று, 16.597. இரண்டும் ஒரே விரல்! பதினாறு புள்ளி ஆறு. பத்தொன்பது இல்லை. பத்தொன்பதுக்குப் பக்கத்திலேயே இல்லை. அந்த மனிதர் தன் விரலின் அளவைக் கிண்ணத்திலேயே இரண்டு தடவை சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா தன் கையாலேயே அதை மைக்ரான் சுத்தமாக அளந்துவிட்டு, கோப்பை மூடி, வேறு கோப்பைத் திறந்து, யாரோ ஒருவருடைய விரலைக் கடன் வாங்கிக் கணக்குப் போட்டிருக்கிறார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்களாம். அலைந்ததுமல்லாமல் அதற்கு முத்திரையும் குத்திக் கொடுத்திருக்கிறார்.

பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் எழுதினார். பதினாறு புள்ளி ஆறை அறுபத்துநாலால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 0.778. எழுநூற்று எழுபத்தெட்டு மைக்ரான். கொடுத்ததோ எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று. வித்தியாசம் நூற்றுப் பதினைந்து! ஒரு மைக்ரானுக்கு ஊரைத் திட்டுகிற மைக்ரான் அக்கா நூற்றுப் பதினைந்து மைக்ரான் தப்பு. அதுவும் பெரிய பக்கமாகத் தப்பு. அந்தத் துளையோடு கிண்ணத்தை மிதக்கவிட்டால் பதினெட்டு நிமிடத்தில் முழுகிவிடும். அதற்கப்புறம் அது கடிகாரமும் இல்லை, பழம்பொருளும் இல்லை, ஓட்டைக் கிண்ணம்.

மணி பத்து நாற்பது. பட்டறைக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது, கொசு எல்லோருடைய தொலைபேசியையும் வாசலில் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். இயந்திரம் ஓடும்போது எதுவும் கூவக்கூடாது அவருக்கு. பேருந்தோ பாலத்துக்கு முன்னால் நகராமல் நின்றது. முன்னால் எள் விழ இடமில்லாமல் வண்டிகள். எள்ளா? அக்காவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வரப் பார்த்தது. இறங்கி ஓடினார். கடைசியாக எப்போது ஓடினோம் என்று அவருக்கு நினைவில்லை. ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு தெரு, ஒரு பாலம், மறுபடி இரண்டு தெரு.

பட்டறையில் கண்ணாடி அறைக்குள் கிண்ணம் கவிழ்ந்திருந்தது, இடுக்கிகள் பஞ்சு வைத்துப் பிடித்திருந்தன. அதன் அடிக்கு நேர்மேலே பித்தளை ஊசி இறங்கி நின்றது. கொசுவின் விரல் பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. காப்பாளர் ஒப்புதல் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையாக. அந்த நல்ல பழக்கம்தான் அன்றைக்குக் காப்பாற்றியது.

"நிறுத்துங்க" என்றார் அக்கா. மூச்சு வாங்கியதில் பாதிதான் சத்தமாக வந்தது. "தம்பி, கையை எடு. அளவு தப்பு."

கொசு கையை எடுத்துவிட்டார். காப்பாளர் நிமிர்ந்தார். "யார் குடுத்த அளவு தப்பு?"

"நான் குடுத்தது."

காப்பாளர் கோப்பிலிருந்து சான்றிதழை உருவினார். இரண்டு கையாலும் பிடித்து அக்காவுக்கு நேரே நீட்டினார். "இது உங்க கையெழுத்துத்தானே மேடம்? போன வாரம் சொன்னீங்க, பத்தொன்பது வருஷத்துல ஒண்ணுகூட..."

"சொன்னேன்."

"அப்ப இன்னிக்கு வந்து சொல்றதை நான் எப்படி நம்பறது? நாளைக்கு இன்னொண்ணு சொல்லமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்வி. அக்காவுக்கு முகம் சுட்டது. தான் பிறரிடம் இத்தனை வருடமாகக் கேட்டு வந்த கேள்வியே, வட்டிபோட்டுத் திரும்பி வந்திருக்கிறது. வலித்தது. பயமும் இருந்தது. ஆனால் சந்தேகம் இல்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம். உள்ளங்கையில் எழுதியிருந்த எண், வியர்வையில் கரைந்தும், அச்சடித்த எண்ணைவிடத் திடமாகத் தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த விளிம்பு வரியைப் படிங்க மேடம். முதல் வரி."

"வாய் ஆறு விரல்."

"வாய் எவ்வளவுன்னு நான் அளந்து குடுத்தேன்ல, அந்தத் தாளும் உங்க கோப்புல இருக்கும். எடுங்க. ஆறால வகுங்க."

காப்பாளர் வகுத்தார். கணிப்பானில் ஒரு தடவை, காகிதத்தில் ஒரு தடவை. "பதினாறு புள்ளி ஆறு."

"இப்ப உயரம். மூணால."

அதையும் இரண்டு தடவை வகுத்தார். "அதேதான் வருது."

"சாட்சி ரெண்டு, வாக்குமூலம் ஒண்ணு. எங்கயோ இருக்கிற எவனோ ஒருத்தன் விரலை வச்சு நான் கணக்குப் போட்டுட்டேன். செஞ்சவர் விரலு இதுலயே இருக்கு."

கொசு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "அக்கா, சோதிக்கிற பொருளையே அளவுகோலா வச்சுக்கக்கூடாதுன்னு என்னை எத்தனை தடவை வறுத்தெடுத்திருக்கீங்க?"

"வறுத்தேன். இனிமேலும் வறுப்பேன். ஒரு சாமான் சரியா இருக்கான்னு பாக்கறதுக்கு அந்த விதி. இங்க கிண்ணம் சரியா தப்பான்னு யாரு கேட்டா? அது என்ன சொல்லுதுன்னுதானே கேட்டாங்க. சொல்ல வந்தவங்க வாயைப் பொத்திட்டு, பக்கத்து வீட்டுல போய் விசாரிச்சிருக்கேன்."

காப்பாளர் நெடுநேரம் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார், "சான்றிதழ் இல்லாம நான் கைவைக்க முடியாது. பழசு செல்லாதுன்னா, அதை நீங்க எழுத்துல ரத்து பண்ணணும்."

"குடுங்க."

அச்சடித்த தாள், நீல முத்திரை, தன் கையெழுத்து. அக்கா அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக வந்தது. 'ரத்து' என்று எழுதிக் கீழே மறுபடி கையெழுத்துப் போட்டார். பத்தொன்பது வருடத்துப் பவிசு ஒரே இழுப்பில் போயிற்று. பையில் எப்போதும் இருக்கிற வெற்றுப் படிவத்தையும் முத்திரையையும் எடுத்துப் புதிதாக எழுதினார். கண் மூன்று எள், 0.778 மில்லிமீட்டர். 'அலகு எடுக்கப்பட்ட இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாப் படிவத்திலும் கையேட்டின் எண்ணைப் போடுகிற கட்டம். அதில் 'இதே கிண்ணம்' என்று எழுதினார்.

காப்பாளர் அதை இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

கொசு ஊசியைக் கழற்றி அதைவிட மெல்லிய ஊசியை மாட்டினார். பொறி இரண்டு பக்கமும் கொஞ்சம் தின்னும், அதையும் சேர்த்து அவருக்குக் கணக்கு உண்டு. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் கொசு ரீங்காரம் மாதிரியே ஒரு சத்தம். பெயருக்கு ஏற்ற இயந்திரம்தான். ஆறு நிமிடத்தில் முடிந்தது. அக்கா அளவை ஊசியால் துளையைப் பார்த்தார்: எழுநூற்று எழுபத்தொன்பது. "ஒரு மைக்ரான் கூட" என்றார். "ஒரு மைக்ரான்தானே அக்கா" என்றார் கொசு, வேண்டுமென்றே. அக்கா முறைத்தார். திட்டுகிற வாய் அன்றைக்கு அவருக்கு இல்லை.

அனுமதிக் கடிதத்தின்படி சோதனையையும் அங்கேயே முடிக்க வேண்டும். அகலமான எஃகுத் தொட்டியில் வடிகட்டிய தண்ணீர். காப்பாளர் கையில் ஒரு நிறுத்தற்கடிகாரம், அக்கா கையில் ஒன்று. கிண்ணத்தைக் கொசு இரண்டு விரலால் பிடித்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவது போலத் தண்ணீர்மேல் விட்டார். அடியில் ஒரு சின்ன ஊற்று எழுந்தது. நூல் மாதிரி.

முதல் பத்து நிமிடம் பேச்சு நடந்தது. கொசு தன் மகளின் படிப்பைப் பற்றிச் சொன்னார். காப்பாளர் அனுமதிக்காக ஏறி இறங்கிய மாடிகளைப் பற்றிச் சொன்னார். பன்னிரண்டாவது நிமிடம் ஆனபோது பேச்சு தானாக நின்றது. கிண்ணத்தில் பாதி நீர். பதினைந்து. பதினாறு. அக்கா எழுந்து தொட்டியருகே போய் நின்றார். மற்ற இருவருக்கும் இருபத்துநான்காவது நிமிடம்தான் கணக்கு. அவருக்கு முதல் கணக்கு பதினெட்டில் இருந்தது. தன் பழைய எண் வென்றிருந்தால் கிண்ணம் முழுகியிருக்க வேண்டிய நேரம் அது.

பதினெட்டு நிமிடம். கிண்ணம் மிதந்தது. பதினெட்டே கால். இன்னும் மிதந்தது, விளிம்பு நீருக்கு மேலே, நிதானமாக, யாருக்கும் பயப்படாமல். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் கெடுக்க இருந்த ஒன்று கெடாமல் கண்ணெதிரே மிதப்பதைப் பார்க்கிற நிம்மதி இருக்கிறதே, பதிவேட்டின் வெற்றுப் பக்கம் அதை ஒரு நாளும் அவருக்குத் தந்ததில்லை.

இருபத்துமூன்று நிமிடம் தாண்டியபின் விளிம்பு நீர்மட்டத்துக்கு வந்தது. தண்ணீர் நாலு பக்கமும் ஒரே சமயத்தில் உள்ளே சரிந்தது. 'களுக்' என்று ஒரே சத்தம். கிண்ணம் தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்தது. இரண்டு கடிகாரமும் நின்றன.

"இருபத்துமூணு நிமிஷம் ஐம்பத்தொரு நொடி" என்றார் காப்பாளர். பிறகு, பழக்கதோஷம், "ஒன்பது நொடி குறையுதே மேடம்."

"ஈயம் ஊத்தினவர் கொஞ்சம் எடையைக் கூட்டிட்டுப் போயிட்டார்ல. கிண்ணம் இப்ப அப்ப இருந்த எடை இல்ல" என்றார் அக்கா. "செஞ்சவர் மேல தப்பு இல்ல."

"உங்க மேல?"

"ஒரு மைக்ரான்" என்றார் அக்கா. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். காப்பாளர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறு வருடத்து அலைச்சல் அந்தத் தொட்டியின் அடியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

அரைநாள் விடுப்பு முடிந்து அக்கா ஆய்வகத்துக்கே திரும்பினார். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார். இடது கையைக் கழுவினார், எண் முழுசாகப் போகவில்லை. பதிவேட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திறந்தார். போன மாதம் சேர்ந்த பெண் தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முதல் நாளில் அந்தப் பக்கத்தில் அக்காவின் வரியைத் தேடித் தேடித் தேநீர் குடித்தவள் அவள்.

"என்னக்கா, யாரோடது திரும்பி வந்துடுச்சு?"

"வா, வந்து பாரு."

பன்னிரண்டாவது வரி. எண்ணை எழுதினார். காரணம் என்ற கட்டத்தில், 'பொருளைக் கேட்காமல் கையேட்டைக் கேட்டது. 115 மைக்ரான் அதிகம்' என்று எழுதினார். கையெழுத்து வழக்கம்போல முத்து முத்தாக வந்தது. மூன்றாவது கட்டத்தில் பேனா ஒரு நொடி நின்றது. மேலே உள்ள பதினொரு வரிகளிலும் அந்தக் கட்டத்தில் வாடிக்கையாளர்களும் தணிக்கையாளர்களும் மேலதிகாரிகளும்தான் இருந்தார்கள்.

திருப்பி அனுப்பியவர்: நானே.

மை காய்கிற வரைக்கும் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தார். அந்தப் பெண் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, தேநீர் வாங்கிவரப் போனாள்.